தக்லாவிடம் கேட்ட மூன்றாவது கேள்வி

முன்னொரு காலத்தில், மேற்கே கடலும் கிழக்கே பாலைவனமும் கொண்ட ஒரு தேசத்தில், ஒரே கடவுளை இரண்டு விதமாகத் தொழுகிற ஊர் ஒன்று இருந்தது. அதன் பெயர் சலூமா. குன்றின் மேல் கோட்டை, கோட்டைக்குள் ஊர், ஊருக்குள் ஒரு மாதா கோவில், ஒரு பள்ளிவாசல், இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்தை. அரசர்கள் கடவுளின் பெயரால் வெட்டிக்கொண்டு செத்த காலம் அது. சலூமாவின் ஜனங்களோ வெங்காயம் அழுகலா நல்லதா என்றுதான் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தச் சண்டையில் யாரும் சாகவில்லை.

அந்த ஊரில் தக்லா என்றொரு கிறிஸ்தவப் பெண் இருந்தாள். ரொட்டி சுடுகிறவள். அடுத்த வீட்டில் நுஸைபா என்ற முஸ்லிம் பெண். அவள் கணவன் நூலுக்குச் சாயம் போடுகிறவன். இருவருக்கும் ஒரே மாதத்தில் ஆண் பிள்ளை பிறந்தது. தக்லாவின் மகன் சர்கீஸ். நுஸைபாவின் மகன் உமைர்.

பிள்ளை பெற்ற கையோடு நுஸைபா ஜன்னி கண்டு படுத்தாள். பால் வற்றிப்போயிற்று. தக்லா யாரையும் கேட்கவில்லை. ஒரு பக்கம் தன் பிள்ளையையும் மறுபக்கம் அவள் பிள்ளையையும் போட்டுக்கொண்டு பால் கொடுத்தாள். நுஸைபாவின் மார்க்கத்தில் இதற்கு ஒரு சட்டம் உண்டு. ஒரே மார்பில் பால் குடித்த பிள்ளைகள் உடன்பிறந்தவர்கள் ஆவார்கள், பால் கொடுத்தவள் தாய் ஆவாள். தக்லாவின் மார்க்கத்தில் அப்படிச் சட்டம் கிடையாது. இருந்தாலும் பெற்றவளுக்கு இணையாக உமைரைக் கண்டித்தாள், கொஞ்சினாள், காது திருகினாள்.

நோன்பு மாதம் வந்தால் தினமும் மாலையில் தக்லா ஒரு பானை பருப்புக் கஞ்சி காய்ச்சி நுஸைபாவின் வீட்டுக்குக் கொண்டுபோவாள். ஒரு ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கிற பாங்கு கேட்கும். ஆளுக்கொரு பேரீச்சம்பழம், ஒரு மிடறு தண்ணீர். பிறகு பாயை விரித்து வரிசையாக நிற்பார்கள். வருஷக்கணக்காகப் பார்த்ததில் அவளுக்கு எல்லாம் மனப்பாடம். அப்படியே தன் வீட்டுத் திருநாட்களை நுஸைபாவுக்குச் சொல்லிக்கொடுத்தாள். தோழிகள் வேறெதைப் பேசுவார்கள்?

இப்படியே இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஒரு நாள் கடல் தாண்டிக் கப்பல்கள் வந்தன. ஓதோ என்றொரு பிரபு வந்து கோட்டையைப் பிடித்துக்கொண்டான். வந்தவன் மூன்று கட்டளை போட்டான். முதல் கட்டளை, முஸ்லிம்கள் அத்தனை பேரும் பொழுது சாய்வதற்குள் ஊரை விட்டுப் போக வேண்டும். இரண்டாவது, பள்ளிவாசலில் குதிரைகளைக் கட்ட வேண்டும். மூன்றாவது, எதிரியின் பாஷையைப் பேசுகிற இந்த ஊர்க் கிறிஸ்தவர்களை நம்பக்கூடாது, ஆகவே போர் என்று வந்தால் அவர்கள் வீட்டுப் பிள்ளைகள்தான் முன்வரிசையில் போக வேண்டும்.

நுஸைபா மூட்டையைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கிய நேரத்தில் தக்லா வீட்டுக்குள்தான் இருந்தாள். ஜன்னல் வழியாகப் பார்த்தாள். நுஸைபா திரும்பிப் பார்ப்பது தெரிந்ததும் ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். பயம்தான். வேறென்ன.

துரத்தப்பட்டவர்கள் போய் அந்தப் பக்கத்து முஸ்லிம் சிற்றரசரான அமீரிடம் அழுதார்கள். அமீர் படை திரட்டிக்கொண்டு வந்து, கோட்டைக்குத் தெற்கே, ஓடைக்கு அந்தப்புறம் கூடாரம் அடித்தார். ஊரை இழந்தவர்களும் அவரோடு வந்து தங்கினார்கள். அங்கிருந்து ஐந்து வேளையும் பாங்குச் சத்தம் கோட்டைக்குள் கேட்கும். அது உமைரின் குரல் என்று தக்லாவுக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. சின்ன வயதிலேயே அவனுக்கு நல்ல சாரீரம். மாவு பிசைகிற கையை நிறுத்திக் கேட்பாள். 'பாவி, உயிரோடுதான் இருக்கிறான்' என்று சொல்லிக்கொள்வாள்.

அந்தக் குளிர்காலத்தில் மூன்று முறை கோட்டை வாசல் திறந்தது. மூன்று முறையும் முன்வரிசையில் சர்கீஸ். முதல் முறை தோளில் வெட்டுப்பட்டு வந்தான். இரண்டாம் முறை இடது கையில் விரல் இல்லாமல் வந்தான். மூன்றாம் முறை அவனாக நடந்து வரவில்லை, தூக்கி வந்தார்கள். காயம் ஆறியதும் மறுபடி ஈட்டியைக் கையில் கொடுத்தார்கள். நான்காவது முறை என்ன ஆகும் என்று தக்லாவுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

குளிர்காலம் முடிகிற நேரத்தில் ஓர் அதிசயம் நடந்தது. அமீரின் பாசறையில் பகலில் அடுப்புப் புகை நின்றுபோயிற்று. காலையில் புகையில்லை, உச்சியில் புகையில்லை, பிற்பகலிலும் புகையில்லை. இரவில் தெரிகிற நெருப்பு குளிர் காய்வதற்கு என்று ஓதோ பிரபு நினைத்துக்கொண்டான். மதில் மேல் நின்று தொடையைத் தட்டிச் சிரித்தான். “தானியம் தீர்ந்துவிட்டது. பட்டினியால் சுருண்டு கிடக்கிறார்கள். நாளைக் காலை வாசலைத் திறங்கள்” என்றான்.

அது நோன்பு மாதம் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். பாசறையில் இருப்பவர்கள் பகலெல்லாம் ஆயுதத்தோடு விழித்துத்தான் இருக்கிறார்கள் என்றும் தெரியும். ஆனால் யாரும் வாய் திறக்கவில்லை. முன்பு ஒரு செருப்புத் தைக்கிறவன், 'இன்று அவர்களுக்கு வெள்ளிக்கிழமைத் தொழுகை' என்று வாய் தவறிச் சொல்லிவிட்டான். உனக்கெப்படித் தெரியும் என்று கேட்டு அவன் முதுகைச் சாட்டையால் கிழித்தார்கள். அதிலிருந்து சலூமாவில் எல்லோரும் ஒன்றும் தெரியாதவர்கள் ஆகிவிட்டார்கள்.

தக்லா மட்டும் பிரபுவின் கூடத்துக்குப் போனாள். அவன் ஆட்டுக்கால் கடித்துக்கொண்டிருந்தான். கிறிஸ்தவர்களுக்கும் அது தவக்காலம்தான். போர் செய்கிறவனுக்கு விலக்கு உண்டு என்று பாதிரியார் சொல்லியிருந்தார். அவளுடைய பாஷை அவனுக்கு எப்படிப் புரிந்தது என்று கேட்காதீர்கள். கதையில் வருகிற பிரபுக்களுக்கு எல்லாப் பாஷையும் புரியும், மனிதர்களைத்தான் புரியாது.

“ஐயா, நாளைக்குப் போகாதீங்க. அவங்க பட்டினி இல்ல. போனா நம்ம பிள்ளைங்க ஒருத்தனும் திரும்ப மாட்டான்” என்றாள்.

பிரபு முதல் கேள்வி கேட்டான். “பட்டினி இல்லையென்றால் பகலில் ஏன் புகை இல்லை?”

“அது அவங்க நோன்பு மாசம், ஐயா. பகல்ல பச்சத் தண்ணிகூடப் பல்லுல படாது. பொழுது சாஞ்சதும்தான் சாப்பாடு.”

பிரபு எலும்பைக் கீழே வைத்தான். இரண்டாவது கேள்வி கேட்டான். “உனக்கெப்படித் தெரியும்? நீ அவர்களுடைய ஒற்றனா?”

“ஒற்றன் இல்லீங்க. பக்கத்து வீட்டுக்காரி. இருபது வருஷமா அவங்க நோன்புக்கு நான்தான் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தேன். என் பால் குடிச்ச பிள்ளை ஒண்ணு அங்க இருக்கு.”

பிரபு கையில் ஒட்டிய கொழுப்பைத் துடைத்தான். பிறகு, காலையில் வாசல் திறக்க வேண்டாம் என்று ஆள் அனுப்பினான். தக்லாவுக்கு உயிர் வந்தது. அவள் அப்போதே எழுந்து வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். கால் வரவில்லையா, பிரபு போ என்று சொல்லவில்லையா, எனக்குத் தெரியாது. அங்கேயே நின்றாள்.

கூடத்தில் இருந்த எல்லோரையும் வெளியே போகச் சொல்லிவிட்டுப் பிரபு மூன்றாவது கேள்வி கேட்டான். குரல் தணிந்திருந்தது.

“நோன்பு முடிக்கிற நேரத்தில் அவர்கள் வாளை எங்கே வைப்பார்கள்?”

தக்லா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு வாசல் பக்கம் பார்த்தாள்.

“நான் எப்படியும் வெளியே போகத்தான் போகிறேன், பெண்ணே. நீ சொன்னால் உன் மகன் உள்ளே, வாசல் காவலில் இருப்பான். இந்தப் போர் முடியும் வரை அவனுக்கு அதுதான் வேலை. சொல்லாவிட்டால் அவன் முன்வரிசையில் இருப்பான்.”

தக்லா சர்கீஸின் விரல் இல்லாத கையை நினைத்தாள். உமைரையும் நினைத்தாள். நினைக்கவில்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். அவனுக்காகவும் ஒரு வார்த்தை கேட்கலாமே என்று அவளுக்குத் தோன்றியது. கேட்டால் மறுபடி சந்தேகம் வரும், சர்கீஸுக்குக் கிடைத்ததும் கைநழுவிப் போகும் என்று அந்த வார்த்தையை விழுங்கிவிட்டாள்.

“பாங்கு முடிஞ்சதும் வாளை இடுப்புல இருந்து அவிழ்ப்பாங்க” என்றாள். “பாய்க்குப் பின்னாடி வைப்பாங்க. பழம் கடிச்சு, தண்ணி குடிச்சு, வரிசையா நிப்பாங்க. முகம் தெற்குப் பார்த்து இருக்கும், ஐயா. முதுகு கோட்டையைப் பார்த்து இருக்கும்.”

இதைச் சொல்லிவிட்டு அவள் அழுதாள். நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. பிள்ளை பெற்றவர்களை அப்படிக் கேட்பது பாவம்.

மறுநாள் மாலை கோட்டை வாசலுக்குப் பின்னால் குதிரைகளின் குளம்புகளில் துணி சுற்றி நிறுத்தியிருந்தார்கள். தக்லா மாவு பிசைந்துகொண்டிருந்தாள். உமைரின் பாங்குச் சத்தம் எழுந்தது. அன்றைக்குக் காற்று இந்தப் பக்கம் அடித்ததால் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. கடைசிச் சொல் வரை அவன் நிதானமாக முடித்தான். அதன் பிறகு வாசல் திறந்தது.

வாயில் பழத்தோடு செத்தவர்கள் உண்டு. குனிந்தவர்கள் நிமிரவில்லை. வாளை எட்டிப் பிடித்தவர்கள் மிகச் சிலர். இருட்டுவதற்குள் பிரபுவின் ஆட்கள் திரும்பிவிட்டார்கள். கோட்டையில் மணி அடித்துக் கொண்டாடினார்கள். சர்கீஸ் வாசல் காவலில் நின்றான், அவன் மேல் ஒரு கீறல் இல்லை. பிரபு வாக்குத் தவறவில்லை.

மறுநாள் மாலையும் ஓடைக்கு அந்தப்புறம் பாங்குச் சத்தம் கேட்டது. குரல் வேறாக இருந்தது. தக்லா மாவைக் கீழே போட்டுவிட்டு அடுப்பங்கரைச் சாம்பலில் உட்கார்ந்தாள். சர்கீஸ் வந்து, “என்னம்மா?” என்று கேட்டான். அவனும் கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துக் கேட்டான். பிறகு அவனும் அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான்.

அமீர் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு போகவில்லை. செத்தவர்களைப் புதைத்தார். நோன்பை முடித்தார். பெருநாள் அன்று பாசறையில் யாரும் புதுத்துணி உடுத்தவில்லை. அதன் பிறகும் அவர் பாய்ந்து வரவில்லை. எதற்கோ காத்துக்கொண்டிருந்தார். பயந்துவிட்டான் என்று ஓதோ பிரபு சொன்னான்.

இப்போது கோட்டைக்குள் புனித வாரம் வந்தது. கிறிஸ்தவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஆண்டவர் பாடுபட்டு இறந்ததை நினைத்துப் பெரிய வியாழன் முதல் உயிர்ப்புப் பெருநாள் வரை கோவில் மணியை அடிக்க மாட்டார்கள். பூசைக்கு அழைப்பதற்கு ஒரு மரப்பலகையைச் சுத்தியலால் தட்டுவார்கள். சலூமாவில் எதிரி வந்தால் எச்சரிப்பதற்கும் அந்த ஒரே மணிதான். பாதிரியார் வழக்கப்படி மணிக்கயிற்றைச் சுருட்டிக் கட்டிவிட்டார். அப்போது எதிரி வந்தால் என்ன செய்வது என்று யாருக்கும் தோன்றவில்லை. அவர்கள் ஊரில் புனித வாரத்தில் எதிரி வந்ததில்லை.

பெரிய வெள்ளி பிற்பகல். ஆண்டவர் உயிர்விட்ட நாழிகை. கோவில் கோபுரத்தில் இருந்த காவற்காரன் தெற்கே பார்த்தான். மதிலில் நிற்பவர்கள் கண்ணுக்குப் படாத ஓடைப் பள்ளத்தில் ஏணிகளோடு ஆட்கள் ஓடி வந்துகொண்டிருந்தார்கள். அவன் கை கயிற்றுக்குப் போயிற்று, பிறகு நின்றது. நல்ல பக்திமான் அவன். இன்றைக்கு மணி அடிப்பது பாவம் என்று சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவன். மணியை விட்டுவிட்டு மரப்பலகையை எடுத்து, பலம் கொண்ட மட்டும் தட்டினான்.

ஊர் முழுக்க அந்தச் சத்தம் கேட்டது. பூசை தொடங்கிவிட்டது என்று எல்லோரும் அவசரம் அவசரமாகக் கோவிலுக்குப் போனார்கள். மதிலில் நின்ற வீரர்கள் தலைக்கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் போனார்கள். அவன் தட்டத் தட்ட மதில் காலியாயிற்று. தக்லாவும் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு போனாள். சிலுவையை முத்தமிட வரிசை நின்றது. அன்றைக்குச் செருப்போ ஆயுதமோ இல்லாமல் வெறுங்காலில்தான் வர வேண்டும். பிரபுவும் வெறுங்காலில் நின்றான். எல்லோருடைய முகமும் பீடத்தைப் பார்த்து இருந்தது. முதுகு கோவில் வாசலைப் பார்த்து இருந்தது.

அங்கே நடந்ததை நான் விரித்துச் சொல்லப் போவதில்லை. ஓடைக்கு அந்தப்புறம் நடந்ததே இங்கேயும் நடந்தது. பிரபுவைப் பிணையாகப் பிடித்து வைத்துக்கொண்டார்கள், மற்றவர்களை வெட்டினார்கள். தக்லா பிணங்களின் மேல் விழுந்து எழுந்து, வெளியே வந்து, வாசலை நோக்கி ஓடினாள்.

வாசல் காவலை விட்டு எவனும் பூசைக்குக்கூடப் போகக்கூடாது என்பது பிரபுவின் சட்டம். மதில் காலியான பிறகு ஊரில் ஆயுதத்தோடு நின்றவர்கள் அந்த வாசல் காவற்காரர்கள் மட்டும்தான். ஏணியில் ஏறி இறங்கியவர்கள் முதலில் அவர்களைத்தான் முடித்தார்கள். சர்கீஸ் தாழ்ப்பாளில் கை வைத்தபடி கிடந்தான். அவன் தலையை மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டு தக்லா உட்கார்ந்தாள்.

திறந்த வாசல் வழியாக, துரத்தப்பட்டவர்கள் ஊருக்குள் திரும்பி வந்தார்கள். ஒரு கிழவி நின்றாள். தக்லா நிமிர்ந்து பார்த்தாள். கிழவி இல்லை, நுஸைபா. சில மாதத்தில் அப்படி ஆகியிருந்தாள். ஒரு சிப்பாய் தக்லாவை நோக்கி வாளோடு வந்தான். “இவளை விடு. இவ எனக்கு வேணும்” என்று நுஸைபா சொன்னாள். அவன் போய்விட்டான்.

“எங்க மணி அடிக்காத நாள் எதுன்னு நீதானே சொன்னே?” என்று தக்லா கேட்டாள்.

“நான்தான்” என்றாள் நுஸைபா. “அமீர் மூணு கேள்வி கேட்டார். கோட்டைக்காரங்க ஆயுதம் இல்லாம நிக்கிற நாள் எதுன்னு கேட்டார். தெரியாதுன்னேன். அவங்க மணி எப்ப அடிக்காதுன்னு கேட்டார். அதுவும் தெரியாதுன்னேன். பெரிய வெள்ளிக்கு உங்க வீட்டுல சத்தம் கூடாதுன்னு உரல்லகூட இடிக்காம இருந்தவ நான். எனக்குத் தெரியாதா? ஆனாலும் சொல்லல.”

“அப்புறம்?”

“மூணாவதா ஒண்ணு கேட்டார். ‘ஒவ்வொரு சண்டையிலும் முன்வரிசையில வந்த ஒரு உள்ளூர்ப் பையன், அன்னைக்குச் சாயங்காலம் மட்டும் வரல. வாசல்லயே நின்னான். அவன் யார் மகன்?’ அப்படின்னு கேட்டார். அதுக்கு எனக்குப் பதில் தெரிஞ்சுது, தக்லா. அவன் ஏன் வரலைன்னும் தெரிஞ்சுது. அது தெரிஞ்சதும் மத்த ரெண்டுக்கும் சேர்த்துச் சொல்லிட்டேன்.”

தக்லா சர்கீஸின் தலையை இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

நுஸைபா கீழே உட்கார்ந்தாள். சர்கீஸின் முகத்தில் ஒட்டியிருந்த மண்ணைத் தன் முந்தானையால் துடைத்தாள். “உமைருக்காக ஒரு வார்த்தை கேட்டியா?” என்றாள்.

“தோணுச்சு” என்றாள் தக்லா. “கேக்கல.”

“நானும் இவனுக்காகக் கேக்கல. எனக்கும் தோணுச்சு.” நுஸைபா சர்கீஸின் கண்களை மூடினாள். “எங்க மார்க்கத்துல அவன் உனக்கும் மகன்தானே, பாவி. அவனை நீ கொன்னே. அவன் தம்பியை நான் கொன்னேன். இனிமே நாம யாரைச் சபிக்கிறது?”

இரண்டு பெண்களும் சர்கீஸைத் தூக்கினார்கள். உதவிக்கு யாரும் வரவில்லை. ஓடைக்கு அந்தப்புறம், உமைரின் குழிக்குப் பக்கத்தில் புதைக்கப் போனார்கள். அமீரின் ஆட்கள், இது எங்கள் மையவாடி, கிறிஸ்தவனுக்கு இடமில்லை என்றார்கள். கோவிலுக்குத் தூக்கி வந்தார்கள். அங்கே உயிரோடு மிஞ்சியிருந்த ஒரே பாதிரியார், ஒரு முஸ்லிம் பெண் தொட்ட பிணத்துக்கு மந்திரம் சொல்ல மாட்டேன் என்றார். கடைசியில் யாருக்கும் சொந்தமில்லாத ஓடைக்கரையில், கையால் மண்ணைத் தோண்டிப் புதைத்தார்கள்.

அடுத்த வருஷமே ஓதோ பிரபுவுக்கும் அமீருக்கும் சமாதானம் ஆயிற்று. பிரபு விடுதலையாகிக் கடலோரமாக வேறொரு கோட்டையில் குடியேறினான். இருவரும் ஒருவருக்கொருவர் வல்லூறு அனுப்பிக்கொண்டார்கள். பனிக்காலத்தில் ஒரே காட்டில் ஒன்றாக வேட்டையாடினார்கள், ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். பழைய சண்டையைப் பற்றி இருவரும் சிரித்துப் பேசுவார்களாம்.

தக்லாவும் நுஸைபாவும் பழையபடி அடுத்தடுத்த வீட்டில்தான் இருந்தார்கள். வேறு போக்கிடம் இல்லை. நோன்பு மாதம் வந்தது, தக்லா கஞ்சி காய்ச்சவில்லை. பெரிய வெள்ளி வந்தது, நுஸைபா உரலில் மாவு இடித்தாள். ஒருவர் செத்த பிறகு மற்றவர் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டாரா என்று கேட்டால், கதை சொன்னவர்கள் யாரும் எனக்கு அதைச் சொல்லவில்லை.

ஆகவே கேட்டுக்கொள்ளுங்கள், சின்னவர்களே, பெரியவர்களே: அயலாரின் அன்பினால் அறிந்ததை அவர்களை அழிக்கக் கொடுப்பவர், தம் பிள்ளையையும் அதோடு சேர்த்தே கொடுத்துவிடுகிறார்.